பழைய காமிக்ஸ் எப்போது வாங்கலாம், எப்படி வாங்கலாம்? கடலூர், பாண்டி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். இருபத்தைந்து வருடமாகப் பழைய காமிக்ஸ் வாங்குகிறேன், இரட்டையாக வந்ததைக் கொஞ்சம் விற்றும் இருக்கிறேன். தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று வாரத்துக்கு ஒருவராவது போன் செய்து அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பரணில் பழைய காமிக்ஸ் கிடைத்தது. நல்ல விலை போகுமா?

பழசு என்பதற்காக மட்டும் யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள். கேட்கிற ஆள் இருக்க வேண்டும், கிடைக்கிற பிரதி குறைவாக இருக்க வேண்டும், அந்தப் பிரதி முழுசாக இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இடித்தாலும் விலை உட்கார்ந்துவிடும்.

தமிழில் அதிகம் தேடப்படுவது சிவகாசி இதழ்கள்தான். முத்து காமிக்ஸ் 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. லயன் காமிக்ஸ் 1984-ல் 'கத்தி முனையில் மாடஸ்டி'யோடு வந்தது. இரண்டிலும் தொடக்க கால இதழ்களுக்கு எப்போதும் கிராக்கி. ராணி காமிக்ஸும் 1984-ல் ஆரம்பித்து 2005 வரை வந்தது. ஊரெல்லாம் பெட்டிக்கடையில் தொங்கிய இதழ் என்பதால் பிற்கால ராணி காமிக்ஸ் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. முதல் சில வருட இதழ்கள் மட்டும் வேறு கதை. இந்திரஜால் காமிக்ஸ் 1964-லிருந்து 1990 வரை ஓடியது. அதன் தமிழ்ப் பதிப்பு கையில் சிக்கினால் விலை பேசுவதற்கு முன்னால் இரண்டு நாள் விசாரியுங்கள்.

அம்புலிமாமா இருக்கிறது. அதுவும் இதில் சேருமா?

சேராது. 1947-ல் தொடங்கிய கதைப் பத்திரிகை அது. அதைச் சேர்ப்பவர்கள் தனிக் கூட்டம். அவர்களிடம் கேளுங்கள்.

மறுபதிப்பு வந்துவிட்டால் பழைய பிரதியின் விலை விழுந்துவிடுமா?

என்னைக் கேட்டால் தமிழ் காமிக்ஸ் வாங்குபவர் முதலில் யோசிக்க வேண்டிய கேள்வி இதுதான்.

பழைய காமிக்ஸ் தேடுகிறவர்கள் இரண்டு வகை. ஒருவருக்குச் சின்ன வயதில் படித்த கதை திரும்ப வேண்டும். இன்னொருவருக்கு அந்தத் தாள், அந்த அட்டை, அந்தப் பழைய விளம்பரம், வாசகர் கடிதம் எல்லாம் வேண்டும். முதல் வகை ஆட்கள் பல மடங்கு அதிகம். ஒரு கதை இருபது முப்பது வருடமாக எங்கும் கிடைக்கவில்லை என்றால் இந்த இரண்டு கூட்டமும் அதே நான்கு பிரதிக்குப் போட்டி போடும். விலை எகிறும். மறுபதிப்பு வந்த மறுநாளே முதல் கூட்டம் கலைந்துவிடும், ஏனென்றால் அவர்களுக்குக் கதை கிடைத்துவிட்டது, அதுவும் நல்ல தாளில்.

2012-க்குப் பிறகு லயன், முத்து இரண்டும் புது வேகத்தில் வர ஆரம்பித்து, பழைய கதைகளும் வரிசையாக மறுபதிப்பு கண்டன. 'இரத்தப் படலம்' என்ற நீண்ட தொடர்கதை 2010-ல் பெரிய தொகுப்பாக வந்தது. அது தீர்ந்த பிறகு அதற்காகச் சண்டை போடாத குறைதான். பிறகு 2018-ல் வண்ணப் பதிப்பு வந்தது. அதற்கு முந்தின வாரம் வரை பழைய தொகுப்பைக் கேட்ட விலைக்கு வாங்கியவர்களில் நானும் ஒருவன். என்ன விலை என்று கேட்காதீர்கள், வீட்டில் இன்னும் தெரியாது.

ஆகவே கதைதான் வேண்டும் என்றால் காத்திருங்கள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் புதுசாக வரும், இல்லாவிட்டால் வேறு யாராவது பிரதி விற்பார். அட்டை மடங்காத, பின் துருப்பிடிக்காத, யாரும் பேர் எழுதாத முதல் பதிப்பு உங்கள் முன்னால் வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அது திரும்பி வராது.

மறுபதிப்பையும் முதல் பதிப்பையும் எப்படிப் பிரித்தறிவது?

விலை, முகவரி, இதழ் எண், 'அடுத்த வெளியீடு' விளம்பரம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பாருங்கள். அட்டைப் படத்தை மட்டும் நம்பவே கூடாது. அடுத்த இதழ் விளம்பரம்தான் எனக்குப் பிடித்த சாட்சி. எந்தக் கதை வரப்போகிறது என்று சொல்கிறதோ அதை வைத்து மாதத்தையே கண்டுபிடித்துவிடலாம். அமர் சித்ரகதாவில் பின்னட்டையில் இருக்கும் தலைப்புப் பட்டியலைப் பாருங்கள். பட்டியல் நீளமாக நீளமாகப் பிரதி பிந்தையது. ஆங்கில அமர் சித்ரகதா வரிசையே 11-ஆம் எண்ணான 'கிருஷ்ணா'வில்தான் தொடங்கும். முதல் பத்து எண்கள் மேல்நாட்டு தேவதைக் கதைகள், அவை இந்திய மொழியில் மட்டும் வந்தவை. 'பதினொன்றுதான் இருக்கிறது, முதல் பத்து தொலைந்துவிட்டது' என்று யாராவது வருத்தப்பட்டால் ஆறுதல் சொல்லுங்கள்.

வருடத்தில் எந்த மாதம் வாங்குவது நல்லது?

வாங்குகிறவன் காலண்டரைப் பார்ப்பதை விட, மற்றவர்கள் எப்போது வீட்டை ஒழிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். போகிக்கு முந்தின பத்து நாள். அப்புறம் பரீட்சை முடிந்து பாடப் புத்தகங்கள் எடைக்குப் போகும் ஏப்ரல், மே. அந்த நாட்களில் பழைய பேப்பர் கடைக்காரரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, 'அண்ணே, படக்கதை புக் வந்தா ஓரமா எடுத்து வையுங்க' என்று சொல்லி வைத்தால் போதும். எடைக்குப் போட்ட விலைக்கு மேல் கொஞ்சம் கொடுங்கள். அடுத்த தடவை அவரே கூப்பிடுவார்.

ஐப்பசி, கார்த்திகையில் வெளியூரிலிருந்து தபாலில் வரவழைக்க வேண்டாம். நம் பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

வாங்கக் கூடாத காலமும் உண்டு. ஒரு கதாநாயகனுக்குப் படம் வருகிறது, ஆண்டு விழா மலர் வருகிறது, ஓவியர் காலமாகிவிட்டார் என்று செய்தி வந்த இரண்டு மூன்று வாரம். எல்லோரும் ஒரே சமயத்தில் தேடுவார்கள். ஆறு மாதம் பொறுத்தால் அதே பிரதி இறங்கி வரும். சென்னை புத்தகக் கண்காட்சி நடக்கும் ஜனவரியிலும் இதே சூடு இருக்கும்.

பாண்டி சண்டே மார்க்கெட்டில் உண்மையிலேயே கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் தேடி வந்தது கிடைக்காது. கடலூரிலிருந்து முதல் பஸ் பிடித்தால் மகாத்மா காந்தி வீதியில் துணிக் கடைகள் படுதா கட்டுவதற்கு முன்னால் போய்விடலாம். புத்தகம் விற்பவர்கள் தரையில் கோணி விரித்துக் கொட்டுகிற நேரம் அது. மேலே இருப்பதெல்லாம் என்ட்ரன்ஸ் கைடு, ஆங்கில நாவல். அடியில் இருக்கிற குவியலைக் கலைக்க அனுமதி கேட்டு உட்கார வேண்டும்.

ஒருநாள் அப்படித்தான் மூன்று சமையல் புத்தகத்துக்கு நடுவில் ஒரு பழைய லயன் அகப்பட்டது. ஸ்பைடர் கதை, ஸ்பைடர்மேன் இல்லை, இவர் வேறு ஆள். அட்டையில் பாதியைக் கரப்பான் தின்றிருந்தது, உள்ளே ஒரு பக்கம் கூடக் குறையவில்லை. பெரியவர் நாற்பது ரூபாய் என்றார். பேசாமல் கொடுத்தேன். மேல்நாட்டு வாரப் பத்திரிகையில் அந்த ஸ்பைடர் கதைகளில் பெரும்பாலானதை எழுதியவர் ஜெரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். அந்தப் பெரியவரிடம் சொல்லியிருந்தால் எண்பது கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

பாண்டியில் பிரெஞ்சு ஆல்பங்களும் வருகின்றனவே, வாங்கலாமா?

தாராளமாக. இந்த ஊரின் தனிச் சொத்தே அதுதான். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்கள், லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் வீடு, பிரான்ஸில் குடியேறியவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடு என்று எங்கிருந்தாவது ஒரு பெட்டி வெளியே வரும். டான்டான் என்று அவர்கள் சொல்லும் டின்டின், அஸ்டெரிக்ஸ், லக்கி லூக் எல்லாம் கெட்டி அட்டையில் இருக்கும். நாம் கேப்டன் டைகர் என்று படித்த ஆள் அதில் புளூபெரி. அவருடைய முதல் ஆல்பம் 1965-ல் வந்தது. ஒரு பக்கம் சிவகாசித் தாளில் டைகர், மறுபக்கம் பாரிஸ் அச்சில் புளூபெரி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் புரட்டுகிற சுகத்துக்காகவே நான் ஒன்று வாங்கினேன். பிரெஞ்சு எனக்கு ஒரு வார்த்தை தெரியாது.

கவனிக்க வேண்டியது: உள்ளே 1946 என்றோ 1955 என்றோ போட்டிருந்தால் உடனே குதிக்காதீர்கள். டின்டின் ஆல்பங்களில் பழைய உரிமை ஆண்டை அப்படியே வைத்துத்தான் பல வருடம் திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள். திருப்பிப் பின்னட்டையைப் பாருங்கள். பட்டியலில் சிட்னி விமானக் கதை இருந்தால் அந்தப் பிரதி 1968-க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. 'பிகாரோஸ்' என்ற டின்டின் கதை இருந்தால் 1976-க்கு முந்தியது இல்லை. அங்கே சேகரிப்பவர்கள் இந்தப் பின்னட்டைகளுக்கு எழுத்தும் எண்ணும் கொடுத்து வரிசையே போட்டிருக்கிறார்கள். அஸ்டெரிக்ஸ் முதல் ஆல்பம் 1961-ல் தார்கோ பதிப்பகம் வெளியிட்டது. அதே ஆல்பத்தில் அஷெத் என்று பதிப்பகப் பெயர் இருந்தால் 1998-க்குப் பிந்தைய அச்சு. படிக்க நல்லது, பதுக்க ஒன்றுமில்லை.

விற்பவருக்கும் பெரும்பாலும் இது தெரியாது. அதனால் இரண்டு வகையிலும் ஏமாறலாம்: சாதாரண அச்சுக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள், நல்ல பிரதியைக் குப்பை விலைக்கும் தள்ளுவார்கள்.

கையில் எடுத்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பக்கம் எண்ணுங்கள். சிரிக்காதீர்கள், நூறு பேரில் தொண்ணூறு பேர் எண்ணுவதில்லை. நடுவில் பின் அடித்த இதழ் என்றால் நடுப்பக்கத்தைத் திறந்து அங்கிருந்து இரு பக்கமும் எண்ணிக்கொண்டு போங்கள். நடுத்தாள் போயிருந்தால் நான்கு பக்கம் தொடர்ச்சியாக விழும், கதை ஓரிடத்தில் தாவும். வேறு தாள் போயிருந்தால் முன்னால் இரண்டு பக்கம், பின்னால் இரண்டு பக்கம் காணாமல் போகும். அவசரமாகப் புரட்டினால் இது கண்ணில் படாது.

அடுத்தது பின். துருக்கறை தாளில் பெரிதாக இருக்கிறது, பின் மட்டும் பளபளக்கிறது என்றால் யாரோ பிரித்து மாற்றியிருக்கிறார்கள். எதற்குப் பிரித்தார்கள் என்று கேளுங்கள். வேறு பிரதியிலிருந்து தாள் செருகியிருக்கலாம்.

பிறகு முதுகு, மூலை, செலோடேப். டேப்பை உரித்தால் அட்டை அச்சும் கூடவே வரும். டேப் ஒட்டிய பிரதியை 'சரி பண்ணிக்கலாம்' என்று நினைத்து வாங்காதீர்கள். வாடகை நூலக முத்திரை எனக்குப் பிரச்சினை இல்லை. மூலையில் 'நாளைக்குள் தரவும்' என்று பென்சிலில் எழுதியிருந்தால் இன்னும் சந்தோஷம். விலை பார்த்து வாங்குபவர்கள் இதற்குக் கழித்துக்கொள்வார்கள், பேரத்துக்கு அது உதவும்.

கடைசியாக முகர்ந்து பாருங்கள். நியூஸ்பிரிண்ட் தாளில் மரச்சத்து அதிகம், பழுப்பதும் நொறுங்குவதும் அதனால்தான். பழைய தாள் வாசனை வேறு, பூஞ்சை நாற்றம் வேறு. பூஞ்சை இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் சேர்க்காதீர்கள், மற்ற புத்தகத்துக்கும் பரவும்.

பைண்ட் வால்யூம் வாங்கலாமா?

படிக்க வாங்கலாம். ஆறேழு இதழைச் சேர்த்துக் காலிகோ துணி போட்டுக் கட்டுவது நம் ஊரில் அக்கறையான பழக்கம். கட்டியவர் ஓரத்தை வெட்டியிருப்பார், அட்டையைக் கிழித்துப் போட்டிருப்பார். ஒவ்வொரு இதழாக விலை போட்டுப் பெருக்கிச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பிரித்துத் தனித்தனியாக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

போலிப் பிரதிகள் உண்டா?

முழு இதழைப் போலியாக அடிப்பது அரிது. அட்டையைக் கலர் ஜெராக்ஸ் எடுத்துப் பழைய உள்பக்கத்தில் ஒட்டுவது சர்வசாதாரணம். நல்ல பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஆப்செட் அச்சில் வண்ணப் புள்ளிகள் சின்னச் சின்ன வட்டமாகக் கோலம் போட்ட மாதிரி ஒழுங்காக இருக்கும். வீட்டு பிரிண்டரில் எடுத்தது தெறித்த தூளாகத் தெரியும். இன்னொரு வழி, கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கு. இன்றைய ஜெராக்ஸ் தாள் அந்த வெளிச்சத்தில் நீலமாக மின்னும், பழைய நியூஸ்பிரிண்ட் மங்கலாகவே இருக்கும். நடுவில் ஒரே ஒரு தாள் மட்டும் மின்னினால் கேள்வி கேட்க வேண்டியதில்லை, கீழே வைத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் விற்கிறார்கள். பணம் அனுப்பலாமா?

நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு தீபாவளி மலருக்கு 1,800 ரூபாய் அனுப்பினேன். அட்டைப் படம் மட்டும் அனுப்பியிருந்தார், அட்டை தேன் மாதிரி இருந்தது. வந்த பிரதியில் கடைசி எட்டுப் பக்கம் இல்லை. 'சார், நான் முழுசுன்னு சொல்லவே இல்லையே' என்றார். உண்மைதான், சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எழுத்தில் மூன்று கேட்கிறேன். மொத்தம் எத்தனை பக்கம், அதில் எத்தனை இருக்கிறது? அட்டை அசலா? எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா? அப்புறம் முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம், பின்னட்டை, முதுகு எல்லாம் அன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டோடு படம் வேண்டும். நேர்மையானவர் பத்து நிமிடத்தில் அனுப்புவார். 'நம்பிக்கை இல்லேன்னா வேணாம் தம்பி' என்பவரிடம், சரிங்கண்ணே என்று விலகிவிடுங்கள். பார்சலில் இரு பக்கமும் அட்டை வைத்து, முதலில் பிளாஸ்டிக், மேலே காகிதம் என்று கட்டச் சொல்லுங்கள். உருட்டி அனுப்பினால் முதுகு போயிற்று.

விலை எவ்வளவு என்று எப்படி முடிவு செய்வது?

கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஒரு இதழுக்கு ஐயாயிரம் என்று யாரும் போட்டு வைக்கலாம். கடந்த ஒரு வருடத்தில் அது எத்தனைக்குக் கைமாறியது என்று குழுக்களில் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து எழுதி வையுங்கள். நான் நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறேன்: தேதி, இதழ், நிலை, விலை. அமெரிக்காவில் 1970-லிருந்து ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு இருக்கிறது. நமக்கு நோட்டுதான்.

விற்பவருக்கு மதிப்பு தெரியவில்லை என்றால் சொல்ல வேண்டுமா?

வியாபாரியிடம் சொல்ல வேண்டியதில்லை, அது அவர் தொழில். வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு அம்மா, மறைந்த கணவரின் பெட்டியை 'எடுத்துட்டுப் போப்பா' என்றார்கள். உட்கார்ந்து பிரித்துக் காட்டி, 'இந்த ஏழுக்கும் விலை உண்டும்மா, மத்ததுக்கு இல்லை' என்றேன். ஏழில் நான்கை எனக்கு விற்றார்கள், மூன்றைப் பேரனுக்கு வைத்துக்கொண்டார்கள். பேரன் வைத்துக்கொண்ட மூன்றும் நான்கை விட நல்லவை. என்ன செய்வது.

அமெரிக்க காமிக்ஸ் வாங்குவது லாபமா?

1938-ல் பத்து சென்டுக்கு விற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் 2024-ல் 60 லட்சம் டாலருக்குப் போனது என்ற செய்தியைப் படித்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறார்கள். அங்கே சிஜிசி போன்ற நிறுவனங்கள் இதழின் நிலையைப் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போட்டுக் கண்ணாடி மாதிரி உறையில் அடைத்துக் கொடுக்கின்றன. அரை மதிப்பெண் கூடினால் விலை இரண்டு மடங்காகக்கூட ஆகும். இங்கிருந்து வாங்கினால் டாலர் விலை, கூரியர், சுங்கம் எல்லாம் சேரும். விற்கவும் அங்கேதான் அனுப்ப வேண்டும். 1990-களில் லட்சக்கணக்கில் அச்சடித்த இதழ்களை 'விண்டேஜ்' என்று இங்கே தள்ளுவார்கள், அவற்றை அங்கேயே யாரும் சீந்துவதில்லை. பிடித்தால் படியுங்கள்.

முதலீடாக வாங்கலாமா?

வேண்டாம்.

வாங்கியதை உப்புக்காற்றில் எப்படிக் காப்பாற்றுவது?

தானே புயலில் 2011 டிசம்பரில் ஓடு பறந்தது, 2015 வெள்ளத்தில் தண்ணீர் உள்ளே வந்தது. முதல் தடவை மேல் அலமாரி போயிற்று, இரண்டாம் தடவை கீழ் அலமாரி போயிற்று. இப்போது நடு அலமாரியில் வைக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கடற்கரை ஊரில் அதுதான் பாதுகாப்பான உயரம்.

சுவரோடு பீரோவை ஒட்டாதீர்கள், நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் அட்டையில் ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது, ஸ்டேஷனரி கடையில் கேட்டால் கிடைக்கும். லேமினேஷன் கூடவே கூடாது. சிலிக்கா பொட்டலம் போட்டால் மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். புதிதாக வந்த புத்தகத்தை இரண்டு வாரம் தனியாக உறையில் கட்டி வையுங்கள். வெள்ளிப்பூச்சி இருந்தால் அதற்குள் உறையின் மூலையில் ஓடும், தெரிந்துவிடும்.

உங்களிடம் இரட்டைப் பிரதி இருக்கிறதா?

ராணி காமிக்ஸ் ஒரு முப்பது இருக்கிறது. பணம் வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம். ஜானி நீரோ கதை எதுவாக இருந்தாலும் கொண்டு வாருங்கள், அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பக்கம் மட்டும் எண்ணிவிட்டு வாருங்கள்.